வலது தொடையில் காணாமற்போன நாண்

செப்டம்பர் 4
இன்று தொடையின் பின்பக்கம். பேராசான் குப்புறக் கிடக்கிறார். மருத்துவக் கல்லூரிக்கு உடலைக் கொடுத்தவரைப் பேராசான் என்றுதான் அழைக்க வேண்டும், கும்பிட்ட பிறகுதான் கத்தியைத் தொட வேண்டும். நாங்கள் இரண்டு நொடியில் கும்பிட்டோம். எங்கள் மேசையில் பூமின் மட்டும் கண்ணை மூடி நின்றுகொண்டே இருந்தான், கோவிலில் லாட்டரி நம்பர் கேட்கிறவன் மாதிரி. பிறகு மேசை அட்டையை வாசித்தான்: பிரசித், 58, முன்னாள் டக்ரா ஆட்டக்காரர், அதாவது வலைக்கு மேலே பந்தைக் காலால் உதைத்து ஆடுகிறவர். "பாவம், எவ்ளோ உதைச்ச காலோ," என்றான். தசையைப் படிக்கச் சொன்னால் சாதகம் படிக்கிறான்.

செப்டம்பர் 7
வெளிப்பக்கம் இருதலைத் தசை. உட்பக்கம் இரண்டு: மேலே இருப்பது பாதித் தொடையிலேயே மெலிந்து கயிறு போன்ற நாணாகிவிடும், அடியில் இருப்பது சப்பை. இருதலையின் குட்டைத் தலை தவிர எல்லாம் நாம் உட்காரும் எலும்பிலிருந்து இறங்குபவை. இதற்கே பூமினுக்கு மூன்று நாள். இடது தொடை எனக்கு, வலது அவனுக்கு. என்னுடையதைப் படம் பிடித்துப் பாடப்புத்தகத்தில் போடலாம்.

செப்டம்பர் 11
வலது பக்கம் அந்த நாண் இல்லை! தசை பாதியில் நிற்கிறது. வெட்டிவிட்டு முழிக்கிறான்.

"நான் வெட்டலே. திறந்தப்பவே இல்லே."

நாண் சாப்பிடப் போயிருக்கிறதா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். சிரித்தார்கள்.

செப்டம்பர் 12
பேராசானின் ஒரு துணுக்குகூடத் தொலையக் கூடாது. எல்லாம் மேசைப் பெட்டியில் சேர்ந்து, தகனத்தன்று அவரோடு போக வேண்டும். பாடம் நடத்தும் ரத்தனா மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் பெட்டியைத்தான் கிளறினார், தொடையைப் பார்க்கவில்லை. வகுப்பின் முதல் மாணவி நான் சொன்னால் போதுமே. தகனத்தன்று பூமின் சவப்பெட்டி தூக்கக் கூடாது என்று தீர்ப்பு. அழுதான். அழட்டும். இன்றைக்கு நாண், நாளைக்கு நோயாளி.

அக்டோபர் 2
மல்லாக்கத் திருப்பினோம். வலது முழங்காலுக்குக் கீழே உட்பக்கம் பழைய தழும்பு.

முழங்கால் மூட்டைத் திறந்தேன். எலும்புகளைப் பிணைக்கும் பந்தம் அறுந்த இடத்தில், மடித்துத் தைத்து — அந்த நாண். என்றோ ஒரு டாக்டர் தொடையிலிருந்து எடுத்து முழங்காலுக்குள் கட்டியிருக்கிறார். அட்டையிலேயே டக்ரா என்று போட்டிருந்தது. நான் என்னத்தைப் படிச்சேன்? அறிவாளியாம்!

பூமின் என்னைப் பார்க்கவில்லை. பேராசானைக் கும்பிட்டான், வழக்கம்போல நீளமாக.

அக்டோபர் 3
மேடத்திடம் போய்ச் சொன்னேன். சவப்பெட்டி தூக்க ஆறு பேர்தான், பட்டியல் முடிந்துவிட்டது என்றார். என் பெயரை அடித்துவிட்டு அவன் பெயரைப் போடச் சொன்னேன். பூமினிடம் மன்னிப்பு கேட்டேன். "சரி," என்றான். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம், கஞ்சன்.

மார்ச் 8
தகனம். பூமின் பெட்டியின் வலது கால்பக்கம் தூக்கினான். நான் கூட்டத்தில் நின்றேன். இறக்கி வைத்ததும் பேராசானின் மனைவி அவனிடம் வந்தார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் இன்னும் பத்து வருசம் ஆடினாராம்.

"உள்ள எப்பிடி இருந்துச்சு தம்பி?"

"நல்லா பிடிச்சிருந்துச்சும்மா. அதைப் பார்த்தது இவங்கதான்," என்று என்னைக் காட்டினான்.

அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.