பௌர்ணமிக்குச் சும்மா கிடக்கும் மைதானம்

ஜூலை 14, திங்கள்

தலைமையாசிரியை அருணாதேவி மேடம் மதிய இடைவேளையில் கூப்பிட்டனுப்பினார். மாவட்டத்தில் இந்த வருடம் பள்ளி விளையாட்டுக்கான பணத்தை வெட்டியிருக்கிறார்கள். பந்து, சீருடை, போட்டிக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்துப் போன வருடத்தில் கால்வாசிகூட வராது. உடற்கல்வி ஆசிரியை ரேணுகாம்பாளை மூன்று பள்ளிகளுக்குப் பொதுவாக்கப் போகிறார்களாம். எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள்.

"ஒண்ணாம் தேதி ஆய்வுக் கூட்டம். நம்ம ஸ்கூல் சார்பா நீங்க பேசணும்."

"நான் எகனாமிக்ஸ், மேடம்."

"அதான். பட்ஜெட்டுன்னா நீங்கதானே. எம்.ஃபில் வேற."

எம்.ஃபில் இந்தப் பள்ளியில் பாத்திரத்தில் வெட்டிய பெயர் மாதிரி. யார் எடுத்தாலும் கண்ணில் படுகிறது.

முடியாது என்று ஏன் சொல்லவில்லை? பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன். மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாகவே நடந்து போய்விடுவேன்.

ஜூலை 16

ரேணுகாம்பாளுக்குத் தெரிந்துவிட்டது. ஆசிரியர் அறையில் எல்லார் எதிரிலும் கேட்டாள்: "ஏங்க மேடம், போன வருஷம் என் புள்ளைங்க கிளாஸுக்கே வர்றதில்லன்னு எழுதிக் குடுத்தது நீங்கதான? இப்ப நீங்களே வக்கீலா?"

அவள் சிரிப்பு மாடி வரை கேட்டிருக்கும்.

"அந்தப் புகார்ல தப்பு எதுவும் இல்லியே" என்றேன்.

"தப்பே இல்ல. ஒரு நாள் வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க. அவ்ளோதான்."

மாலையில் போனேன். கோ-கோ. எட்டுப் பெண்கள் ஒரே வரிசையில், ஒருத்தி இந்தப் பக்கம், அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்துக் குந்தியிருக்கிறார்கள். துரத்துகிறவள் ஒருத்தியின் முதுகில் தட்டி "கோ" என்றதும் அவள் எழுந்து பாய்கிறாள், இவள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். பிளஸ் டூ அபிநயா ஓடுவதைப் பார்த்தேன். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கி வழியும் அதே பெண்ணா?

மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குப் போய்விடுவாள் என்றாள் ரேணுகாம்பாள். "அவ மார்க்குக்கு வேற வழியில்லீங்க."

அந்த மார்க்கைப் போட்டது நான்.

ஜூலை 21

இவரிடம் சொன்னேன். கூட்டுறவு வங்கியில் மேலதிகாரிகள் எதிரில் வாயே திறக்காமல் மேலாளர் ஆனவர். "அடுத்த வருஷம் ஹெச்.எம். ப்ரமோஷன் பேனல்ல உன் பேரு வரணும். இப்பப் போய் எழுந்து நின்னு ஏன் மூஞ்சியக் காட்டற?" என்றார்.

நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில்: "சட்னி போதுமா?"

ஜூலை 28

பேச்சை எழுதி முடித்தேன். உடல்நலம், தன்னம்பிக்கை என்றெல்லாம் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். பணத்தை வெட்டுகிறவர்கள் அதையெல்லாம் நம்மைவிட நன்றாகப் பேசுவார்கள். பயன்பாட்டைக் காட்ட வேண்டும். காலையும் மாலையும் பயிற்சி, நடுவில் வகுப்புகள், சனிக்கிழமை பக்கத்துப் பள்ளிப் பெண்களும் வருகிறார்கள். கடைசியில் இப்படி முடித்தேன்: "எங்கள் மைதானம் மாதம் முழுவதும் உழைக்கிறது. பௌர்ணமி அன்று மட்டுமே சும்மா கிடக்கிறது." பள்ளி கிரிவலப் பாதையிலேயே இருப்பதால் அன்றைக்குப் பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிவிடுவோம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நல்ல வாக்கியம் என்று பட்டது. இவரிடம் படித்துக் காட்டினேன். "இது ஓகே" என்றார்.

ஆகஸ்ட் 1

கூட்டம் முடிந்தது. எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

எழுதியதைப் படித்தேன். மாவட்டக் கல்வி அதிகாரி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வாக்கியத்துக்கு நிமிர்ந்தார்.

"இருங்க மேடம். பௌர்ணமிக்கு சும்மாதான் இருக்குதா?"

"ஆமாம் சார், அன்னிக்கு மட்டும் –"

"உங்க ஸ்கூலு கிரிவலப் பாதையிலதான இருக்கு?"

"ஆமாம் சார்."

"அப்புறம் எதுக்கும்மா இங்க வந்து காசு கேக்கறீங்க? வண்டி நிறுத்த உடுங்க. டோக்கன் போடுங்க. வர்ற காசுல புள்ளைங்கள விளையாட வைங்க. ஒதுக்கீட்ட எதிர்பார்த்துக்கினே இருக்காதீங்க." பக்கத்தில் இருந்தவரிடம், "மேடம் நல்லா யோசிக்கறாங்க, இல்ல?"

கை தட்டினார்கள். எனக்கு!

மண் கெட்டுப்போயிடும் சார் – இதைச் சொன்னேனா, சொல்ல நினைத்தேனா? கைதட்டலில் எனக்கே கேட்கவில்லை.

வெளியே வார்டு உறுப்பினர் அப்பாதுரை பிடித்துக்கொண்டார். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருப்பவர். "டீச்சரம்மா, இத்தினி நாளு இது எங்களுக்குத் தோணலையே! நீங்க சும்மா உக்காருங்க, டோக்கன் வேலைய என் மச்சான் பாத்துக்குவான்." மச்சானுக்கு அதற்குள் போன் போட்டாகிவிட்டது.

ஆகஸ்ட் 4

ரேணுகாம்பாள் என்னைப் பார்த்ததும் எழுந்து மைதானத்துக்குப் போய்விட்டாள். சிரிப்புச் சத்தமும் இல்லை.

ஆகஸ்ட் 11

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. நல்ல மழை. வேன், கார், ஆந்திராப் பக்கத்து பஸ்கள்கூட உள்ளே வந்ததாம். இன்று காலை பார்த்தேன். டயர் தடங்கள் கணுக்கால் ஆழத்துக்கு இறங்கி, வெயிலில் காய்ந்து கல்லாகிவிட்டன. கண்ணாடிச் சில், டீசல் கறை, இளநீர் மட்டை. கோ-கோ கம்பம் ஒன்று சாய்ந்திருக்கிறது.

பள்ளிக்குப் பணம்? "மழைல வண்டி கம்மி மேடம். ஆளு கூலிக்கே சரியாப் போச்சு. அடுத்த தபா பாக்கலாம்" என்றானாம் மச்சான்.

அபிநயா வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள். "மிஸ், நீங்க சொல்லித்தான் வண்டி உட்டாங்களாமே?"

"நான் அப்படிச் சொல்லல."

"அப்ப எப்படிச் சொன்னீங்க?"

சண்டைக்கு இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பது மாதிரிதான் கேட்டாள். என் பாடத்தில் அவள் கேட்ட முதல் சந்தேகம் இதுதான்.

ஆகஸ்ட் 13

கோ-கோ ஆடுகிற சிந்துஜா அந்த டயர் பள்ளத்தில் காலை விட்டுவிட்டாள். கணுக்கால் வீங்கிப் போயிருக்கு. மூணு வாரம் ஓடக் கூடாதுன்னுட்டாங்க. அந்தப் பொண்ணு அழல, என்னப் பாத்துச் சிரிக்குது. யாரால? என்னாலதான். வேற யாரு? மைதானத்தப் பத்தி ஒண்ணுமே தெரியாம அழகா ஒரு வாக்கியம் எழுதினியே, எதுக்கு? யார் கேட்டாங்க?

ஆகஸ்ட் 20

தலைமையாசிரியையிடம் போய், வண்டி நிறுத்தம் வேண்டாம் என்று மேலே எழுதச் சொன்னேன்.

"நீங்க குடுத்த ஐடியாவ நான் எப்படிம்மா வேணாம்னு எழுதறது?" என்றார். கோபமில்லை, களைப்புதான். "பெத்தவங்க மேலாண்மைக் குழுவுல தீர்மானம் போட்டாங்கன்னா அனுப்பறேன். ஆனா நீங்கதான் எழுந்து சொல்லணும்."

மறுபடியும் எழுந்து நிற்க வேண்டும். அதுவும் மைதானத்தை ஒட்டிப் பூவும் பொரியும் விற்றுப் பௌர்ணமியை நம்பிப் பிழைக்கிற அம்மாக்கள் எதிரில். வண்டி வேண்டாம் என்றால் அவர்கள் எனக்கு ஏன் கை தூக்க வேண்டும்?

ஆகஸ்ட் 28

நாளை கூட்டம். உடம்பு சரியில்லை என்று விடுப்பு எழுதினேன். கிழித்துவிட்டேன். இனிமேல் எதையும் எழுதிக்கொண்டு போகக் கூடாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எழுந்து, "அன்னைக்கு நான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். மைதானம் பாழானதை, சிந்துஜாவின் காலை, அபிநயாவின் கல்லூரி ஒதுக்கீட்டைச் சொன்னேன். யார் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

அப்பாதுரை கால்மேல் கால் போட்டிருந்தார். "அன்னிக்கும் நீங்கதான் சொன்னீங்க, இன்னிக்கும் நீங்கதான் சொல்றீங்க. படிச்சவங்க பேச்சு இப்படி மாறலாமா டீச்சரம்மா?"

"தப்புன்னு தெரிஞ்சா மாத்தித்தாங்க ஆகணும்."

"வண்டி வந்தாதான் ஊருக்குப் பொழப்பு. இவங்களையே கேளுங்க."

அவர் கேட்டது அணியில் ஆடும் பூஜாவின் அம்மாவை. கேட்டிருக்கக் கூடாது. அவர் சுண்டல் விற்பவர். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"இன்னா பொழப்பு? எட்டு வருஷமா கேட்டு வாசல்ல கட போடறேன். போன பௌர்ணமிக்கு, வண்டி வர்ற வழி, எட்டப் போன்னு உன் மச்சான் அடுப்போட தூக்கி அந்தாண்ட வெச்சான். மழைல மொத்த சுண்டலும் போச்சு. நீ வந்து தின்னியா?"

சிரிப்பு வெடித்தது. "என்னையும் தொரத்தனான்" என்றார் பூக்காரர். "எனக்குத் தராசயே ஒடச்சிட்டான்" என்றார் இன்னொருவர். "கேட்டு மூடியே இருக்கட்டும், நாங்க வாசல்ல இருந்துக்கறோம்."

தீர்மானம் நிறைவேறியது.

விளையாட்டுக்காக ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. சுண்டலுக்காகத் தூக்கினார்கள். அதனால் என்ன? என் பேச்சைவிட அந்த அடுப்பு நன்றாகப் பேசியது.

போகும்போது அப்பாதுரை சொன்னார்: "தீபத்துக்கு ஊரே வரும் டீச்சரம்மா. அப்ப பாக்கறேன், எப்படி மூடி வைக்கிறீங்கன்னு."

செப்டம்பர் 3

மெமோ வந்துவிட்டது. கூட்டத்தில் ஒப்புக்கொண்டதற்கு மாறாகப் பெற்றோரைத் தூண்டியது ஏன்? மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

இருபத்தேழு வருட வேலையில் முதல் மெமோ. இவரிடம் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பதிலை வாங்கிப் படித்தார். "'வருந்துகிறேன்'னு எதுக்குப் போட்ட? எடு அத. 'தெரிவித்துக்கொள்கிறேன்'னு போடு."

பேனலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு. பௌர்ணமி

மத்தியானமே போய்விட்டேன். தீர்மானம் காகிதத்தில்தானே இருக்கிறது? மச்சான் கயிறும் டோக்கன் புத்தகமுமாக ஒரு வேனை முன்னால் விட்டுக்கொண்டு வந்தான். கேட் வாசல் முழுக்கக் கடைகள். சுண்டல் அடுப்பு நட்டநடுவில்.

"கொஞ்சம் தள்ளுக்கா."

"எங்கடா தள்றது? பின்னாடி கேட்டு மூடியிருக்குது பாரு."

வேன் ஓட்டி வந்தவருக்குப் பசி போலிருக்கிறது. இறங்கி வந்து ஒரு பொட்டலம் வாங்கித் தின்றுவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கும் ஒரு பொட்டலம் நீட்டினார்கள். காசு வாங்க மாட்டேன் என்றார்கள். உப்பு கொஞ்சம் ஜாஸ்தி.

செப்டம்பர் 16

விடுவார்களா? வருமானத்துக்கு வழி சொல்லியும் பள்ளி வேண்டாம் என்றுவிட்டது, ஆகவே இந்த வருடம் விளையாட்டுக்குப் பணமே இல்லை. ரேணுகாம்பாளுக்கு வாரம் முழுக்க வேறு இரண்டு பள்ளிகளில் மாற்றுப்பணி. எங்களுக்கு அந்த இரண்டு நாளும் போயிற்று.

மாவட்டப் போட்டி அடுத்த மாதம். கூட்டிப்போக ஒரு பொறுப்பாசிரியை இல்லாவிட்டால் அணியைச் சேர்க்கவே மாட்டார்கள். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் யாருமில்லை.

சாயங்காலம் ரேணுகாம்பாள் தன் விசிலைக் கழற்றிச் சேலையிலேயே துடைத்துக் கொடுத்தாள். "ஊதறதுக்கு முன்ன யோசிக்காதீங்க மேடம். நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள ஆட்டம் போயிடும்." பிறகு அந்தப் பழைய சிரிப்பு. ஆறு வாரம் கழித்துக் கேட்கிறேன்.

செப்டம்பர் 18

தப்பான நேரத்தில் நான்கு முறை ஊதினேன். ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 24

இன்று சொன்னார்கள். "மிஸ், அவ தொடவே இல்ல! நீங்க எங்க பாத்துக்கினு இருந்தீங்க?" – அபிநயா. கொஞ்சம் நிம்மதி.

அக்டோபர் 14

போளூரில் மாவட்டப் போட்டி. வேனுக்குப் பணமில்லை. பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று வழி சொன்னவள் சிந்துஜா. கலசபாக்கத்தில் இறங்கி வேறு பஸ் மாறினோம். பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். ஒருத்தி குறைகிறாள், திரும்பிப் பார்த்தால் பூஜா எனக்குப் பின்னாலேயே நிற்கிறாள்.

அரையிறுதியில் தோற்றோம். ஒரே ஒரு புள்ளி. நான் இன்னும் முன்னாலேயே பயிற்சியை ஆரம்பித்திருந்தால்? அந்த ஆகஸ்ட் மாதம் பாழாகாமல் இருந்திருந்தால்? பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தவர்கள் பாதி வழியில் பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத்தான் ஆறவில்லை.

மாவட்ட அணிக்கான பெயர்களை மாலையில் வாசித்தார்கள். ஏழாவதாக அபிநயா.

அக்டோபர் 15

அபிநயா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். மாநிலப் போட்டிக்கு முன்னால் ஒரு மாதம் தினமும் பயிற்சி வேண்டும். "உங்களுக்கு டைம் இருக்குமா மிஸ்?"

பேனலைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. என் விளக்கத்துக்கும் பதில் இல்லை. தீபம் வேறு வருகிறது, அப்பாதுரை சொன்னபடி செய்வார்.

காலையில் ஆறு மணிக்கு வரச் சொன்னேன்.

அக்டோபர் 18

தீபாவளிக் கூட்டம். தேரடி வீதியில் ஒரு செருப்புக் கடைக்குள் எப்படியோ நுழைந்துவிட்டேன். ஓடுகிற மாதிரி ஷூ வேண்டும் என்றேன்.

"கிரிவலத்துக்காம்மா? அதுக்கு வெறுங்காலோடதான போவணும்" என்றார் கடைக்காரர்.

"இல்லைங்க. விளையாட."

"பொண்ணுக்கா? இன்னா சைஸு?"

காலை நீட்டினேன்.