அநாவசிய லோடு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவது மரியாதை. மரியாதையைச் செய்துவிட்டேன். உண்மையைக் கீழே பார்த்துக்கொள்.

இந்தக் காலத்தில் காகிதமா என்று நீ நினைப்பாய். போன மாதம் மின்னஞ்சல் அனுப்பினேன். தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று உன் உதவியாளர் பதில் எழுதி, வெளிநாட்டில் உட்கார்ந்து நம் அரசாங்கத்துக்கு மின்சார யோசனை சொல்லும் நீ, குடும்பங்களின் தாங்குதிறன் பற்றி எழுதிய அறிக்கையையும் இணைத்திருந்தார். பிறகு உன் செல்பேசிக்கே செய்தி அனுப்பினேன்: அப்பாவுக்கு மூச்சு சரியில்லை, தனியாக என்னைக் கூப்பிடு என்று. நீ ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினாய். மஞ்சள் நிறக் கட்டைவிரல். அதை அப்பாவுக்கு எந்த இடத்தில் வைத்துக் கட்டுவது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கூப்பிடும்போதோ, அவர் ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மடியில் வைத்துக்கொள்கிறார். அவர் எதிரில் நான் எதைச் சொல்ல? கடிதம் என்றால் உறையைக் கிழிக்கும் சிரமத்தையாவது நீயே படவேண்டும். அதனால்தான் அலுவலகத்துக்கு அனுப்பாமல் உன் வீட்டு முகவரிக்குக் கூரியரில் அனுப்புகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. அச்சகத்தில் வேலைக்குக் குறைவில்லை. அரசாங்கம் மனத்தை மாற்றிக்கொள்ளும்போதெல்லாம் எங்களுக்கு அடைமழைதான். நான் மெய்ப்புப் பார்க்க வந்த புதிதில் "நிலக்கரி, நாட்டின் முதுகெலும்பு" என்று சுவரொட்டி அடித்தோம். பிறகு "நிலக்கரி, நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் துரோகம்" என்று அடித்தோம். அதன்பின் எரிவாயு வந்தது. அது ஒரு பாலம் என்றார்கள். எங்கே போய்ச் சேரும் பாலம் என்று சொல்லச் சுவரொட்டியில் இடம் போதவில்லை. எங்கோ இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டன, எரிவாயு விலை ஏறியது, பாலம் பாதியில் நின்றுபோனது. அடுத்தது சூரியன். கூரையில் தகடு போட்டால் மானியம் என்றார்கள். தெருவே போட்டு முடித்த பிறகு, தகடு போட்டவர்கள் போடாதவர்கள் தலையில் சுமையை ஏற்றுகிறார்கள் என்று கண்டுபிடித்து, மானியத்தை நிறுத்தி அபராதம் மாதிரி ஒரு கட்டணத்தைப் போட்டார்கள். இந்த வாரம் என் மேசைக்கு வந்திருப்பது "நிலக்கரி, நம் பொறுப்பான தோழன்".

எல்லாச் சுவரொட்டியிலும் ஒரே சிறுமிதான் சிரிக்கிறாள். முதுகெலும்புக்கும் சிரித்தாள், துரோகத்துக்கும் சிரித்தாள், இப்போது தோழனுக்கும் சிரிக்கிறாள். நிஜத்தில் அவளுக்கு ஒரு சிறுமி பிறந்திருப்பாள். எழுத்துப்பிழையை மட்டும் பாரும்மா, கருத்துப்பிழை நம்ம வேலை இல்லை என்று முதலாளி சொல்லியிருக்கிறார். பார்க்கிறேன். ஒரு பிழைகூட இல்லை.

முனைக்கடை பேக்கரிக்காரரை நினைவிருக்கிறதா? அவர் கடையில் இப்போது மூன்று அடுப்புகள் இருக்கின்றன, ரொட்டிக்குத்தான் இடமில்லை. விறகடுப்பை அணைக்கச் சொன்னவர்கள் எரிவாயு அடுப்பை வாங்க வைத்தார்கள். எரிவாயுவைக் கைவிடச் சொல்லி மின் அடுப்பை வாங்க வைத்தது நீ. உன் படம் போட்ட துண்டறிக்கை இன்னும் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது; உன் மூக்கின் மேல் மாவு படிந்திருக்கிறது. இப்போது சாயங்காலக் கட்டணம் கட்டுப்படியாகாமல் அந்த அடுப்பின் மேல் பிஸ்கட் டப்பாக்களை அடுக்கிவிட்டார். அக்கா, உங்க தம்பி அடுத்து எதைச் சொல்லப் போறாருன்னு கொஞ்சம் முன்னாடியே கேட்டுச் சொல்லுங்க, வறட்டின்னா இப்பவே தட்டிக் காய வெச்சுடறேன் என்றார். கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கேட்டுவிட்டேன்.

அனல் நிலையத்தின் புகைபோக்கியை வெடிவைத்துச் சாய்த்த அன்று மேடையில் நின்று கைதட்டினாயே, அந்த இடத்தில் கணினிக் கிடங்கு, டேட்டா சென்டர் என்பார்களே, அது வந்துவிட்டது. ஜன்னலே இல்லாத கட்டடம். உள்ளே வேலை செய்பவர்களை ஒரு வேனில் அடக்கிவிடலாம். ஆனால் எங்கள் ஊர் முழுவதும் எரிப்பதைவிட அதிகமாக அது கரண்டைக் குடிக்கிறது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த லோடாம் (கரண்டை இழுப்பதையெல்லாம் நீங்கள் அப்படித்தானே சொல்வீர்கள்), அதற்குக் கரண்ட் நிற்கவே கூடாதாம். அதற்காகப் பக்கத்து ஊரில் மூடிய அனல் நிலையத்தைத் தூசு தட்டித் திறந்திருக்கிறார்கள். தற்காலிகமாகத்தான் என்று அதற்கு அடித்த சுவரொட்டியில் போட்டிருந்தோம். அப்பாவின் நாற்காலியிலிருந்து பார்த்தால் கிடங்கின் விளக்குகள் நேரே தெரியும். இருட்டிய பிறகு நம் வீட்டில் வெளிச்சம் என்பது அவர்கள் போட்ட பிச்சை.

இனி அப்பாவைப் பற்றி எழுதுகிறேன்.

அவருக்கு நுரையீரல் எவ்வளவு மீதி இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் மெஷினை வாங்கிக் கொடுத்ததே நீதான். நல்ல மெஷின். கரண்டில் ஓடுகிறது. குளிக்கும் நேரம் தவிர அது ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது டாக்டர் சொன்னது.

புதுத் திட்டத்தைத் தொடங்கி வைத்து நீ தொலைக்காட்சியில் பேசினாய் அல்லவா, அதை அப்பா சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். வார நாட்களில் உச்ச நேரமான மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டில் அநாவசியமான லோடு எது என்று தேடிக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும், நாட்டின் விளக்கு உங்கள் விரல் நுனியில் இருக்கிறது என்று சொன்னாய். நன்றாகத்தான் பேசினாய். கழுத்துப்பட்டையும் பொருத்தமாக இருந்தது.

மறுநாள் மாலை ஃபிரிட்ஜ் நின்றது. ஃபேன் நின்றது. என் மேசை விளக்கு அணைந்தது. இதெல்லாம் அவருடைய பழைய தொழில் புத்தி என்று நினைத்துக்கொண்டேன். உபமின் நிலையத்தில் ஸ்விட்சுகளைக் கட்டி ஆண்ட மனிதர், வீட்டிலாவது ஆளட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் அந்த மெஷினின் உறுமல் நின்றது. அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன். குழாய் மூக்கில் இருக்கிறது, மெஷின் நின்றிருக்கிறது, அவர் கைகளைத் தொடைமேல் ஊன்றி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னப்பா ஆச்சு என்றேன். அநாவசியமான லோடு எதுன்னு தம்பி கேட்டான்ல, யோசிச்சுப் பார்த்தேம்மா, இந்த வீட்ல அது நான்தான் என்றார்.

அழுதுகொண்டோ கோபத்திலோ சொல்லவில்லை. மீட்டரைப் பார்த்துப் படிப்பது போலச் சொன்னார்.

அன்றிலிருந்து வார நாட்களில் இதுதான் நடக்கிறது. செய்தி வாசிக்கும் நேரத்துக்கெல்லாம் அவர் உதடு நீலமாகிவிடுகிறது. ஞாயிறு காலையில் உச்ச நேரம் கிடையாது, மெஷின் ஓடும், அதனால் உனக்கு அவர் குரல் கணீரென்று கேட்கிறது. அப்பா தேறிட்டாரே அக்கா என்று நீயே சொன்னாய்.

நான் சும்மா இருக்கவில்லை. மெஷினை நானே போட்டேன்; அவர் குழாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், ஆக்ஸிஜன் கூடத்துக்குப் போனது. பேட்டரி வாங்கி வைத்தேன்; அது எங்கேருந்து சார்ஜ் ஆகுது, ஆகாயத்துலேருந்தா என்றார். கொள்கை மாறிவிட்டது, இனி சாயங்காலம் தாராளமாக எரிக்கலாமாம் என்று பொய் சொன்னேன். அது மாறும் வேகத்துக்கு அந்தப் பொய்யை யாராக இருந்தாலும் நம்புவார்கள். அவர் நம்பவில்லை, செல்பேசியை எடுத்து ஆறு மணிக்கு அணையுங்கள் என்று உங்கள் அலுவலகம் தினமும் அனுப்பும் செய்தியைக் காட்டினார். நோயாளிகள் உள்ள வீடுகளுக்கு விலக்கு உண்டு என்று தெரிந்து, டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அதை நான்காக மடித்து ஆடுகிற நாற்காலிக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். திட்டம் போட்டவனோட அப்பனே விலக்கு வாங்கினா ஊர் என்னம்மா பேசும், அவன் நாளைக்கு நாலு பேர் முன்னாடி எப்படி நிமிர்ந்து நிப்பான் என்று கேட்டார்.

டாக்டர் என்னைத்தான் திட்டினார். வீட்ல பெரிய மனுஷங்க யாருமே இல்லையா, இதயம் எத்தனை நாள் தாங்கும், இப்படியே விட்டா இந்த மாசம் தாண்ட மாட்டார் என்றார். இருக்கிறார், ஆனால் அவர் வெளிநாட்டில் பெரிய மனிதராக இருக்கிறார் என்று சொன்னேன்.

நீ போன வருஷம் வந்தபோது ஹோட்டலில் தங்கினாய். நம் வீட்டில் ஏசி இல்லை, அதனால் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். உன்னைப் பார்க்க அங்கே வந்தேன். அறை அவ்வளவு குளிராக இருந்ததால் நீ ஸ்வெட்டர் போட்டிருந்தாய். இந்தத் திட்டம் வரப்போகிறது என்று அப்போதே சொன்னாய். வீடுகளில் அப்படி எவ்வளவுதான் மிச்சமாகும் என்று கேட்டேன். நீ சிரித்தாய். ஒண்ணுமே ஆகாதுக்கா, ஊர் பூரா அணைச்சு மிச்சம் பிடிக்கறத அந்தக் கிடங்கு ஒரே மடக்குல குடிச்சிடும், ஜனங்க தாங்களும் ஏதோ தியாகம் பண்றோம்னு நெனைக்கணும், அப்பதான் விலையை ஏத்தினா கத்த மாட்டாங்க என்றாய். அதோடு, ஸ்வெட்டர் போட்டபடியே, காபி வரவழைக்கட்டுமா என்று கேட்டாய்.

அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. நம்ப மாட்டார் என்பதால் இல்லை. நம்பிவிடுவார் என்பதால்.

உண்மையைச் சொல் என்று உன்னிடமும் நான் கேட்கப்போவதில்லை. அது உன் வேலைக்கு ஒத்துவராது. வேறொன்று கேட்கிறேன், அதற்கு அப்பாவின் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. உனக்கு மறந்திருக்கும், அதனால் எழுதுகிறேன்.

ஒரு லைனில் ஏறி வேலை செய்யப் போகிறவன் முதலில் உபமின் நிலையத்தில் கரண்டை நிறுத்தச் சொல்லி வாங்குவான். அதற்கு லைன் கிளியர் என்று பெயர். எவன் நிறுத்தச் சொன்னானோ, அதே ஆள் மறுபடி பேசிப் போடலாம் என்று சொன்னால்தான் நிலையத்தில் இருப்பவர் போடவேண்டும். சொன்னதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லிவிட்டுப் போடவேண்டும். வேறு யார் சொன்னாலும், கடவுளே வந்து சொன்னாலும் போடக்கூடாது. ஒரு தடவை மந்திரி திறப்பு விழாவுக்கு வந்து இருட்டில் நிற்க, மேலதிகாரி அப்பாவின் ஸ்விட்சு அறைக்குள் வந்து குதித்தார், சஸ்பெண்ட் பண்ணிடுவேன் போடுய்யா என்று கத்தினார். சார், வாங்கிட்டுப் போனவன் இன்னும் திருப்பிக் குடுக்கல, நீங்க வேணா என்னை நிறுத்துங்க, லைனைப் போட முடியாது என்றார் அப்பா. லைன்மேன் வேலையை முடித்துவிட்டு ஒரு மரத்தடியில் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். மந்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரிப்பன் வெட்டினார். அப்பாவுக்குச் சம்பள உயர்வு நின்றது. இன்றுவரை அதைச் சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்குவதில்லை.

அவர் அந்த அறையை விட்டு இன்னும் வெளியே வரவில்லை, தம்பி. நீ நிறுத்தச் சொன்னாய், அவர் நிறுத்தினார். போடச் சொல்லி நானும் டாக்டரும் குதித்தால் நாங்கள் அந்த மேலதிகாரிதான். மரத்தடியில் தூங்குபவன் எழுந்து வந்து சொன்னால்தான் ஆயிற்று.

அதனால் இந்தக் கடிதம் வந்த அன்றே பேசு. ஞாயிறு காலைக்காகக் காத்திருக்காதே. வார நாளில், சாயங்காலம், மெஷின் நின்ற பிறகு கூப்பிடு. மகனாகப் பேசாதே, மகன் சொன்னால் பாசத்தில் சொல்கிறான் என்று தள்ளிவிடுவார். நிறுத்தச் சொன்ன ஆளாகப் பேசு. நலம் விசாரிக்காதே, காரணம் சொல்லாதே, புள்ளிவிவரம் வேண்டவே வேண்டாம். நான் குடுத்த உத்தரவைத் திரும்ப வாங்கிக்கறேன், லைனைப் போடலாம் என்று மட்டும் சொல். சொல்லிவிட்டுக் காத்திரு. அவர் அதைத் திருப்பிச் சொல்வார்.

அதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும். இப்போதெல்லாம் ஒரு சின்ன வாக்கியத்துக்கு இடையிலேயே இரண்டு இடத்தில் நின்றுவிடுகிறார். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. எதுவும் பேசாமல், கடைசி வார்த்தை வரைக்கும் கேள்.

நீ நன்றாக இரு. எந்த நேரத்திலும் உனக்கு எதுவும் நிற்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புடன்,
அக்கா