கறை பிடிக்காத துணியும் உன் குரலும்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். மனசைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். முந்தாநாள் போனில் நீ அழுதாய், நான் கத்தினேன், சொல்ல வந்தது எதையும் சொல்லி முடிக்கவில்லை. அப்பா எழுத வேண்டாம் என்றார். புள்ள எழுதிக் கொடுத்ததப் படிச்சுது, அதுல அதோட தப்பு என்ன என்கிறார். அவர் கணக்கில் நீ என்றைக்குத் தப்பு செய்திருக்கிறாய்? அவருக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, மாடி வீட்டுக்காரர் ஒழுகுகிற குழாயை ஒருவழியாக மாற்றிவிட்டார், வேறு நல்ல செய்தி இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், துணி ஏற்றிப் போகிற வேன்காரர் போனில் ஒரு வீடியோ போட்டார். கறையே பிடிக்காத படுக்கைத் துணியைக் கண்டுபிடித்த சின்னக் கம்பெனியாம், அதன் பங்கு இன்றைக்கு டீக்காசு விலை, நாளைக்குக் கைக்கு எட்டாது என்று ஒரு பெண் பேசினாள். உன் குரல்! சோப்பு விளம்பரம், மருந்து விளம்பரத்துக்கெல்லாம் குரல் கொடுக்கிறாய் என்று தெரியும், ஆனால் அப்படி எதிர்பாராமல் என் காதில் விழுந்ததே இல்லை. "ஐயோ, இது எங்க பொண்ணு" என்று எழுந்தே நின்றேன். மூன்று தரம் போடச் சொல்லிக் கேட்டேன், நீ என்ன சொல்கிறாய் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. இஸ்திரி மெஷினில் நிற்கிற அக்கா, உன்னைச் சின்ன வயதில் துணி மூட்டை மேல் தூங்கவைத்தவள், அவள்தான் சிரித்தாள். "கறையே பிடிக்கலன்னா நம்ம பொழப்பு போச்சு, அதுல பங்காவது வாங்கிப் போடுவோம்" என்றாள். ஏழு பேர் வாங்கினார்கள். நம்ம பொண்ணு பொய் சொல்லுமா, அந்த ஒரு பேச்சுதான் அவர்களுக்கு ஜாமீன். அக்கா போட்டது முழங்கால் அறுவைக்காகச் சேர்த்தது.

பதினோரு நாள் விலை ஏறியது. துவைக்கிற சத்தத்தையும் மீறிச் சிரிப்பு கேட்டது. பன்னிரண்டாம் நாள் மளமளவென்று சரிந்தது. விற்கப் போட்டால் வாங்க ஆளில்லை. பங்கு என்றால் விற்கவே முடியாமல் போகும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது கண்ணு. ஒரு வாரத்தில் போட்ட பணத்தில் பத்தில் ஒரு பாகம்கூடத் தேறவில்லை. கணக்குப் பிரிவு அம்மா வந்து பார்த்து, "சின்ன கம்பெனி, கொஞ்சம் பேர் வாங்கினாலே விலை எகிறும். முன்னாடியே வாங்கி வச்சிருந்தவங்க ஆள் வச்சுப் பேசவச்சு, ஏறினதும் வித்துட்டுப் போயிட்டாங்க. துணியும் இல்ல, தறியும் இல்ல" என்றார். அவர்களுக்காகப் பேசிய ஆள் என் வயிற்றில் பிறந்தது. அப்போது வேன்காரர் என்னைப் பார்த்து, "நீங்க மட்டும் ஏன் வாங்கல, முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார். என் கையில் அப்போது காசில்லை, அவ்வளவுதான். அதைச் சொன்னால் நம்புவார்களா என்று யோசிக்கவேண்டி வந்ததே, இருபது வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்களிடம்.

வீடியோவின் கடைசியில் எச்சரிக்கையும் படித்தேனே என்று நீ போனில் சொன்னாய். திரும்பப் போட்டுக் கேட்டேன். லாபத்தைச் சொல்லும்போது நிறுத்தி நிதானமாகச் சொல்கிற நீ, நஷ்டம் வரலாம் என்கிற இடத்தில் மூச்சுவிடாமல் ஓடுகிறாய். அது உனக்கே தெரியாமலா இருந்தது? திட்டவில்லை, கேட்கிறேன். எது எழுதிக் கொடுத்தாலும் வாங்கிப் படிக்காதே, யார் பணம் கொடுக்கிறான், எதற்குக் கொடுக்கிறான் என்று ஒரு வார்த்தை கேள்.

நேற்று எல்லோரும் சேர்ந்து, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அலுவலகத்துக்குப் புகார் எழுதினோம். வீடியோவில் பேசியவர் யார், தெரிந்தால் எழுதவும் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அக்காதான், "அத விட்டுடு, புள்ள பொழைக்கிற இடம்" என்று தாளை மடிக்கப் போனாள். நான் வாங்கி உன் பேரையும் விலாசத்தையும் எழுதினேன். கோணலில்லாமல் எழுதினேன்.

விசாரித்துக் கடிதம் வரும், பிரிக்காமல் வைக்காதே. உனக்கு வேலை கொடுத்தவர்கள் அனுப்பிய செய்தி ஒன்றையும் அழிக்காதே, அத்தனையும் விசாரிக்கிறவர்களிடம் கொடு. வேலை போனால் போகட்டும், நம் வீட்டுக் கதவு உனக்கு என்றைக்கும் திறந்திருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. தலை நிமிர்ந்து நெடுநாள் நன்றாக இரு மகளே.

உன்னைப் பெற்ற,
அம்மா