ஸ்கூட்டர் சீட்டில் விழுந்த காடு

இன்று காலை வண்டியை எடுக்கப் போனேன். சீட்டின் நடுவில் ஊதா நிறத்தில் காட்டுப்புறாவின் எச்சம், அதற்குள் இரண்டு காட்டு நாவல் கொட்டைகள். வேறு யாராக இருந்தாலும் திட்டிக்கொண்டே துடைத்திருப்பார்கள். நான் சிரித்தேன். உன்னிடம் காட்டத் திரும்பிய பிறகுதான், நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது உறைத்தது.

நம் ஊர் இத்தலாருக்கு மேலே, நமக்குத் தண்ணீர் தரும் ஓடையின் தலைப்பில், இந்த மலையின் சொந்தக் காடான பழைய சோலை ஒரு கைப்பிடிதான் மிச்சமிருந்தது. சுற்றிலும் வெளிநாட்டிலிருந்து வந்து சோலையை விழுங்கிய சீகை மரங்கள். அமேசானில் எரிகிறது, போர்னியோவில் வெட்டுகிறார்கள் என்று டீக்கடையில் பேப்பர் படிப்போம். "அதையெல்லாம் நாம காப்பாத்த முடியாதுப்பா. இந்தக் கைப்பிடி நம்முளுது. இதையும் உட்டுட்டா ஓடை செத்துப்போயிரும்" என்றாய். பேசிவிட்டு டீ குடித்துப் போகிற ஆளா நீ?

ஊரைக் கூட்டி ஒரு பக்கத்துச் சீகையை வேரோடு எடுத்தோம். தேயிலை நட்டுப் பழகிய கை அல்லவா, வெட்டவெளியில் சோலை நாற்றுகளை வரிசை பிடித்து நட்டோம். தை மாத உறைபனியில் ஒரே விடியலில் அத்தனையும் கருகின. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. நீயோ மிச்சமிருந்த சீகைக்குள் நுழைந்து என்னைக் கூப்பிட்டாய். இடமில்லாமல் அங்கே செருகிய நாற்றுகள் மட்டும் பச்சையாக நின்றன. "எதிரி குடை புடிக்கிறான், பாருப்பா."

அப்புறம் சீகை நிழலிலேயே நட்டோம். "ஏனுங்க, களை மரத்துக்குக் காவலுங்களா?" என்று ஊரே கேலி செய்தது. "நாத்து தலை தூக்கட்டுங்க, அப்புறம் வெட்டிக்கலாம்" என்றாய் நீ.

நாற்றுகள் இடுப்பு உயரம் வந்து, சீகையையும் வெட்டி முடித்ததும் ஜெயித்துவிட்டோம் என்று நான் குதித்தேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "நாம நட்டா அது தோட்டம். பறவை வெதைச்சாத்தான் காடு. அன்னைக்கு எனக்கு ஜிலேபி வாங்கிக் குடு."

வண்டியை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறினேன். பங்குனி வெயிலிலும் ஓடை சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. நாம் நட்ட மரங்களுக்கு அடியில், பாறை இடுக்கில், பாதையின் குறுக்கில், எங்கெங்கோ கோணல்மாணலாகக் குட்டி நாவல்கள். ஒன்றுகூட வரிசையில் இல்லை. ஒன்றுகூட நாம் நட்டதல்ல.

ஜெயித்துவிட்டோம், நண்பா. சாயங்காலம் ஜிலேபி வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினேன். உன் பங்கையும் நானே தின்றேன். இத்தனை வருடமாக ஒவ்வொரு மழைக்கும் மண்வெட்டியோடு ஏறிய மலையிலிருந்து, இன்று வெறும் கையோடு இறங்கினேன். அங்கே இனி நமக்கு வேலை இல்லை.