தூங்காத மத்தியானம்

ஹோம் தீவு,
ரஜப் பிறை ஒன்பது

அன்புள்ள ஜமில் அண்ணனுக்கு,

தம்பி ஷாரில் ஸலாம் சொல்லி எழுதுவது. நீங்களும் மைனியும் மகன் ரொஸ்லியும் கட்டானிங் ஊர்க் குளிரில் சுகமாக இருக்க இறைவன் அருள்வானாக. இங்கே நானும் சுலைக்காவும் பிள்ளைகளும் நலம். எழுதும் கை சரியாக இருக்கிறது என்பதற்கு இந்தக் கடிதமே சாட்சி. நாக்குதான் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. போனில் நான் பேசுவது சுலைக்காவுக்கே பாதிதான் விளங்குகிறது. அதனால்தான் கடிதம்.

பள்ளிவாசல் கூரைக்குப் புது வர்ணம் அடித்தாயிற்று. உங்கள் படகை உங்கள் மச்சான் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார். போன பெருநாள் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. நீங்கள் இருந்திருந்தால் முதலாவது.

அந்தப் படகைப் பற்றி எழுதியதும் பழைய ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு ஏழு வயது, உங்களுக்கு ஒன்பது. நீங்கள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, பாய்மரத்தடியில் என்னை உட்காரவைத்து, ஒவ்வோர் அரபு எழுத்தாகக் கத்தச் சொல்வீர்கள். "இன்னும் சத்தமா! மேற்குத் தீவுல இருக்கறவனுக்குக் கேக்கணும்டா!" 'காஃப்' பிசகினால் முகத்தில் ஒரு கை உப்புத் தண்ணீர். 'ஐன்' என்ற எழுத்தை நீங்கள் 'ங' என்றுதான் சொல்லித்தந்தீர்கள். தீவில் எல்லோர் வாயிலும் அது 'ங'தானே! 'ஆலமீன்' என்பதை 'ஙாலமீன்' என்று ஓதியே நம் அம்மாமார்கள் நம்மைத் தூங்கவைத்தார்கள்.

பிறகு நான் கிளந்தான் மதரஸாவுக்குப் போய் இரண்டு வருஷம் வேதம் ஓதப் படித்துவிட்டு வந்தேன். எந்த எழுத்து தொண்டையின் அடியில், எது நடுவில், எது நாக்கின் ஓரம் கடைவாய்ப் பல்லில் பட்டுப் பிறக்கிறது என்று எல்லாம் கற்றேன். கற்றது தவறில்லை. வேதத்தைச் சரியாக ஓத வேண்டும் என்பதில் இன்றும் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் எங்கே வாயை மூட வேண்டும் என்பதை மட்டும் அங்கே கற்காமல் வந்துவிட்டேன்.

உங்கள் அம்மா, என் பெரியம்மா, இறந்த அன்று மையித்து நடு வீட்டில் இருந்தது. நீங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து யாசீன் அத்தியாயம் ஓதினீர்கள். நான் மூலையிலிருந்து, "'ங' இல்லண்ணே, 'ஐன்'. தொண்டை நடுவுலேருந்து வரணும்" என்றேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. நீங்கள் கிதாபை மூடி என் மடியில் வைத்து, "அப்போ நீயே ஓதுடா. அவங்களுக்கு உன்னோடதே போய்ச் சேரட்டும்" என்று சொல்லிவிட்டு, கடற்கரைச் சுவரில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் ஓதி முடித்தேன். ஓர் எழுத்துப் பிசகவில்லை. நாலு மாதத்தில் நீங்கள் கட்டானிங் இறைச்சி ஆலை வேலைக்கென்று விமானம் ஏறினீர்கள். பதினோரு வருஷமாகிறது.

இதைப் பற்றி மேலும் எழுதப்போய் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். விட்டுவிடுகிறேன்.

பக்கவாதம் வந்து பெர்த் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்தேன். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் வருவாள், பெயர் ஹேசல். கண்ணாடியை நீட்டி, நாக்கு நுனியை மேல் பல்லுக்குப் பின்னால் வைத்து 'லா' சொல்லச் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காகிதம் வாங்கி, வாயையும் தொண்டையையும் வரைந்து, எழுத்துகள் பிறக்கும் பதினேழு இடங்களையும் குறித்துக் கொடுத்தேன். "அடேயப்பா, எங்க பாஷைக்கு இதுல பாதி இடம்கூட வேண்டாமே!" என்று அதைத் தன் அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். சுலைக்கா மட்டும், "ஊரையே திருத்தின வாய்! இப்போ கண்ணாடிகிட்ட பாடம் கேக்குது" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

மூன்றாம் வாரம் தனியாக இருந்தபோது வேதத்தின் முதல் அத்தியாயம் ஃபாத்திஹாவை மெதுவாக ஓதிப் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்தது 'ஙாலமீன்', அண்ணே. அண்ணம் தளர்ந்திருப்பதால் சத்தமெல்லாம் மூக்குக்குப் போய்விடுகிறது என்று ஹேசல் விளக்கினாள். எனக்கு அது என் அம்மாவின் குரலாகக் கேட்டது. அம்மா இறந்த இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கேட்டேன்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தின் காரணம்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சுலைக்கா போன் செய்து சொன்னதைக் கேட்டு, மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். நான் தூங்குவதாக நர்ஸ் சொன்னாள். ஒரு மணி நேரம் கட்டிலருகே உட்கார்ந்திருந்துவிட்டு, ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டுப் போனீர்கள்.

நான் தூங்கவில்லை, அண்ணே. வராந்தாவில் உங்கள் இருமலைக் கேட்டதுமே கண்ணை மூடிக்கொண்டேன். இந்த நாக்கை உங்களுக்குக் கேட்கக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் என் தலைமாட்டில் யாசீன் ஓதினீர்கள். மெதுவாகத்தான் ஓதினீர்கள், எனக்கு எல்லாம் கேட்டது. முதல் 'ஐன்' வந்ததும் திடுக்கிட்டேன். தொண்டை நடுவிலிருந்து, தெளிவாக வந்தது. அடுத்ததும் அப்படியே. கடைசிவரை ஒரு 'ங' இல்லை. யாரிடம் கற்றீர்கள்? ஆலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்த பிறகு, எத்தனை சாயங்காலம் உட்கார்ந்தீர்கள்? நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படகில் எனக்குச் சொல்லித்தந்த அந்தச் சத்தம் இனி உலகத்தில் யாரிடம் இருக்கிறது என்றுதான் மனம் தேடியது. அதை அடித்து விரட்டியவனும் நானேதான்.

நல்ல செய்தி ஒன்று. மகள் நிசாவுக்கு ஷவ்வால் மாதம் நிக்காஹ். மாப்பிள்ளை மீன்வளத் துறையில் வேலை பார்க்கும் நல்ல பையன். மணமேடையில் முதலில் ஓதுவது அப்பாவாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. என்னால் ஆகாது, உன் பெரியப்பா ஓதுவார் என்று சொல்லிவிட்டேன். "பெரியப்பாதான் யார் முன்னாடியும் ஓதறதில்லையேப்பா" என்றாள். அவர் ஓதுவார் என்றேன். உங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன், கோபிக்காதீர்கள். பழைய 'ங'வோ புது 'ஐன்'னோ, எந்த வாயால் ஓதினாலும் சரி. மூலையிலிருந்து ஒரு சத்தமும் வராது.

மைனியையும் ரொஸ்லியையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். இறைவன் உங்கள் மூச்சுக்குப் பலமும் உங்கள் வீட்டுக்கு நிறைவும் தரட்டும்.

நிக்காஹுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை விமானத்திலேயே வந்துவிடுங்கள், அண்ணே. மேற்குத் தீவில் விமானம் இறங்கி நீங்கள் படகேறி வரும்போது, படகுத்துறைக்கு நானே வருவேன். நடை ரொம்ப மெதுவாகிவிட்டது, அதனால் முன்னதாகவே கிளம்பிவிடுவேன்.

என்றும் உங்கள் தம்பி,
ஷாரில்