பெரணிக்கு மொட்டையடித்த அப்பா

சரவணம்பட்டி

அன்புக் கண்ணு லோகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், அங்கே அந்தக் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று மருதமலையானைக் கும்பிட்டுக்கொண்டேதான் இதை எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பதறாதே. வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது, அதனால்தான் டப்ளின் வருகிற உன் சித்தி மகன் சபரீஷிடம் கொடுத்தனுப்பும் பருப்புப்பொடிப் பார்சலுக்குள் இதை வைக்கிறேன்.

விஷயம் உன் பெரணிச் செடிதான். நீ சொல்லிவிட்டுப் போனபடியே வெயில் நேராக விழாமல் குளியலறை ஜன்னலோரம் தொங்கவிட்டு, போர்வெல் உப்புத் தண்ணீர் படாமல் குடிதண்ணீரே ஊற்றிவந்தேன். குழாயில் தண்ணீர் வராமல் நாங்கள் கேன் வாங்கிக் குடித்த வாரத்தில்கூட அதற்குக் குறை வைக்கவில்லை. தொட்டியே மறைகிற அளவுக்குத் தழைத்துத் தொங்கியதை நீயும் போட்டோவில் பார்த்தாய். போன மாதம் நான் வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது தண்ணீர் ஊற்றப் போன அப்பா ஓர் இலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார், அடியில் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். தோப்பில் தென்னைக்கு வெள்ளை ஈ வந்தபோது பட்ட பாடு இன்னும் அவர் மனதில் இருக்கிறது. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் கத்தரியை எடுத்து எல்லா இலையையும் அடியோடு வெட்டி, மாடியில் போட்டுக் கொளுத்தியும்விட்டார். நான் வந்து இலையெல்லாம் எங்கே என்று கேட்கிறேன், “பூச்சி புடிச்சுப்போச்சு அம்மணி, நல்லவேளை நான் பாத்தேன், புள்ளையோட செடியக் காப்பாத்திப்போட்டேன்” என்று பெருமையாகச் சொல்கிறார்.

எதிர்வீட்டு இல்மா காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறாள் இல்லையா, அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஏனுங்க்கா, அது பூச்சியில்லீங்க. பெரணிக்குப் பூவும் காயும் கெடையாதுங்க, அந்தப் புள்ளிதானுங்க வித்து. செடி நல்லா இருந்தாத்தான் அப்படி வருமுங்க” என்றாள். அப்பா அன்று தட்டில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். வேர் அழுகவில்லை, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் துளிர்க்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று இல்மா சொல்லியிருக்கிறாள். துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்துக்கொண்டு காலையும் மாலையும் அந்த மொட்டைத் தொட்டி முன்னால் நிற்கிறார் உன் அப்பா. நீ போன் செய்தால் மாடிக்குப் போய்விடுகிறார். செடியைக் காட்டு என்று நீ கேட்கும்போதெல்லாம் சார்ஜ் இல்லை, வெளிச்சம் இல்லை என்று நானும் மழுப்பினேன்.

இதற்கு மேல் உன்னிடம் மறைக்க முடியவில்லை கண்ணு. மாப்பிள்ளை வீட்டை விட்டு நீ கிளம்பிய அன்று நகை, பாத்திரம் எதையும் கேட்காமல் இந்தத் தொட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தாய். வழியெல்லாம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, இலை ஒடியாமல் கையால் அணைத்துக்கொண்டே வந்தாய். அதைப் போய் எப்படி வெறும் செடி என்று நினைப்பேன்? இன்னொன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நீ அங்கே தனியாக இருக்கிறாய், இதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிடாதே. பருப்புப்பொடிக்கு நெய் ஊற்றிச் சாப்பிடு. ஹீட்டரை ஒட்டியே உட்காராதே, தோல் வறண்டுபோகும், தேங்காயெண்ணெய் தடவிக்கொள்.

மருதமலையான் எப்போதும் உனக்குத் துணையிருப்பான், நன்றாக இரு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இதைப் படித்ததும் அப்பாவுக்கே போன் போடு, நான் அவரை மாடிக்கு ஓட விடமாட்டேன். திட்ட வேண்டும் என்றால் திட்டு, அழ வேண்டும் என்றால் அழு. “பரவால்லீங்” என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த வீட்டில் இருந்தவரைக்கும் எப்படியிருக்கிறாய் என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் நீ அதைத்தான் சொன்னாய்.

இப்படிக்கு,
உன் அம்மா ராமாமணி