உங்கள் முகம் ஏறி வந்த தட்டு

என் பெரியவனின் அப்பாவுக்கு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாததால் இப்படியே எழுதுகிறேன்.

உங்கள் வருசத் திதி நல்லபடியாக முடிந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். திராட்சைத் தோட்டத்து வாசலில் உங்கள் படம் நிற்கிறது, என்னைவிட உயரமாக. டவுன் பஸ்ஸில் போகிற சனம் தலையை நீட்டிப் பார்க்கிறது. அந்தப் படம் எப்படி வந்தது என்று உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பத்தில் நம் பேத்தி பவித்ரா வைத்திருக்கும் பிரிண்டிங் கடைக்கு அந்தப் பெரிய மெஷின் வந்து இறங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? அவளைப் பெற்றவன், நம் பெரியவன், வந்து பார்க்கக்கூட இல்லை. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய இரும்பு என்று முறுக்கிக்கொண்டான். நீங்கள்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். "ஒருநா என் படத்தையும் இதுலதான் போடுவ. மீசைய மட்டும் கொஞ்சம் கருப்பா அடிச்சுவிடு" என்றீர்கள். "சும்மா இருங்க தாத்தா" என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் சொன்னது நடந்தது. திதிக்கு முந்தின நாள் காலையில் என்னையும் கடைக்குக் கூட்டிப் போனாள். உங்கள் பெயரைக் கம்ப்யூட்டரில் காட்டி, "எழுத்து சரியா இருக்கா பாருங்க அப்பத்தா" என்றாள். நான் வாய்விட்டுச் சொல்லாத பெயர். எழுத்துக் கூட்டி மனசுக்குள் படித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த மெஷின் ஓடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தீர்களானால் வாயடைத்துப் போவீர்கள். வினைல் ரோல், அதாவது சுருட்டிய பிளாஸ்டிக் தாள், பின்பக்கமிருந்து ஒரு நீளமான தட்டின்மேல் ஏறி வருகிறது. மை தெளிக்கிற பெட்டி, அதை ஹெட்டு என்கிறாள், தட்டுக்கு மயிரிழை உயரத்தில் இப்படியும் அப்படியும் ஓடுகிறது. தெளித்த மை உள்ளேயே சூட்டில் காய்ந்துவிடுகிறது. முதலில் உங்கள் தலைமுடி வந்தது. பிறகு நெற்றி. பிறகு புருவத்தில் பந்தல் கம்பி கிழித்த தழும்பு. வெளியூர் போன நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருந்தது.

மூக்கு வரும்போது வினைல் நடுவில் உப்பிக்கொண்டு எழுந்தது, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி. ஹெட்டு அதில் உரசி, உங்கள் கன்னமெல்லாம் கறுப்பு இழுகிவிட்டது. பவித்ரா பாய்ந்துபோய் மெஷினை நிறுத்தினாள்.

"வினைலு சூட்டுல நீளும் அப்பத்தா. நீண்டது போக எடமில்லைன்னா மேல எந்திரிக்கும். ஹெட்டு இடிச்சு உடைஞ்சா மெஷினே போச்சு."

சூட்டைக் குறைத்து, வேகத்தையும் குறைத்துப் போட்டாள். மறுபடியும் உப்பியது. இது சாரல் காலம், ரோலின் பின்பக்கத் தாள் ஈரம் குடித்திருக்கும் என்று வேறு ரோலைப் பிரித்தாள். அதுவும் உப்பியது. ரோல் கோணலாக ஏறியிருக்குமோ என்று கழற்றி நேராக மாட்டினாள். அப்போதும் உங்கள் மூக்கோடு நின்றுபோனது. வர மனசில்லையோ உங்களுக்கு என்றுகூட நினைத்தேன்.

பெரியவன் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "மதுரையில குடுத்துருவோமா? விடிஞ்சா சொந்தக்காரவுக வந்துருவாக" என்றான்.

"தாத்தாவ வேற ஆளு கையில குடுக்க மாட்டேம்ப்பா" என்றாள். சொல்லிவிட்டுக் கெட்டுப்போன துண்டுகளை எல்லாம் தரையில் வரிசையாக விரித்துப் போட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "எல்லாத்துலயும் ஒரே எடத்துலதான் எந்திரிச்சிருக்கு. சூடுன்னா, ஈரம்னா அங்கங்க எந்திரிக்கணும்" என்றாள்.

தட்டு முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டைகள் இருக்கின்றன. அடியில் இருக்கும் காற்றாடி அந்த ஓட்டைகள் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த இழுப்பில்தான் வினைல் படுத்துக் கிடக்குமாம். அவள் ஒரு மெல்லிய தாளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள், சப்பென்று ஒட்டிக்கொண்டது. நகர்த்திக்கொண்டே வந்தாள். நடுவில் வந்ததும் தாள் பிடிப்பில்லாமல் வழுக்கியது. காற்றைப் பிடித்து ஒரு முகத்தை நிறுத்தி வைக்கலாம் என்று எந்த மனுசனுக்கு முதலில் தோன்றியதோ?

டார்ச் அடித்துப் பார்த்தாள். ஓட்டைகளை மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. சுரண்டி மோந்து பார்த்துவிட்டு, "சந்தனம்" என்றாள். என்னைத்தான் பார்த்தாள்.

"நான் இல்லடி. நான் மெஷினு மூடி மேலதான் பொட்டு வப்பேன்."

பெரியவன் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அன்று காலையில் எங்களுக்கு முன்னால் வந்து கடையைத் திறந்தது அவன்தான். "அய்யா வந்து படுக்கப்போற எடமுன்னு அங்கன ஒரு பொட்டு வச்சேன். வச்சுக் கும்புட்டுட்டுத் துணியால தொடச்சுட்டேனே" என்றான்.

"தொடச்சதுலதான் ஓட்டைக்குள்ள எறங்கிருச்சுப்பா. இரும்புன்னுதான சொல்லுவீக?"

"இரும்புதான். அதுல எங்கய்யா வாராகல்ல."

அவள் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். கரண்டை நிறுத்தி, தட்டு ஆறட்டும் என்று விட்டாள். ஈரத்துணியை அவள் பிடிக்க, மெல்லிய பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு பெரியவன் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு ஓட்டையைக்கூட விடவில்லை. மகள் அதட்ட அதட்ட, "இது சரியா, இது சரியா" என்று கேட்டுக் கேட்டுச் செய்தான். உங்களுக்கு அடங்காதவன்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். மூக்கு வந்தது, மீசை வந்தது, கருப்பாகத்தான் அடித்திருந்தாள். கடைசியில் உங்கள் பெயர் வந்தது. ஒரு எழுத்துக்கு என் உள்ளங்கை அகலம். சூடு ஆறுவதற்குள் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் கடைக்கு நானே போய், மூடி மேல் மட்டும் பொட்டு வைப்பேன். பெரியவனையும் கூட்டிப் போவேன், தட்டைத் துடைக்க. என்றைக்காவது என் படம் அதில் ஏறும்போது உங்களைப் போல மூக்கு வரை வந்து நிற்க மாட்டேன். பிள்ளையை அலைய விடாமல், உப்பாமல் சுருங்காமல், நேராகப் படுத்து வந்து சேருவேன். இது நான் உங்களுக்குச் சொல்கிற வாக்கு.

இப்படிக்கு,
உங்களை நடுவில் நிறுத்திக் கடைசியில் கொண்டுவந்து சேர்த்த பவித்ராவின் அப்பத்தா